கணக்கப்பிள்ளையும் கந்தசட்டியும்

என்ர இடக்கையில, தோளுக்குக் கொஞ்சம் கீழ, ஒரு கணக்கப்பிள்ளை குடியிருக்கிறார். யூரோக் காசுக் குத்தியளவு ஒரு வில்லை, அவ்வளவுதான். தோலோட தோலா ஒட்டியிருக்கும். குளிச்சாலும் போகாது, சுரண்டினால் தண்டம். அதுக்கு பிரெஞ்சில ஒரு பேர், ஜேர்மனில ஒரு நீட்டுப் பேர். எங்கட சனத்துக்கு உதெல்லாம் வாய்க்குள்ள நுழையாது. கணக்கப்பிள்ளை எண்டால் எல்லாருக்கும் விளங்கும். என்ன சாப்பிட்டாய், எவ்வளவு நித்திரை கொண்டாய், எவ்வளவு களைச்சாய், களைச்ச உடம்பு எவ்வளவு கெதியாத் தேறுது, எல்லாத்தையும் உவர் பாத்துக்கொண்டிருப்பார். இலையுதிர் காலத்தை அளவுக் காலம் எண்டு சொல்லுவினம். அந்தக் காலத்தில பாத்ததைக் கூட்டிக் கழிச்சு, இந்த மனிசி உயிரோட இருந்து வேலைக்குப் போக இவ்வளவு வேணும் எண்டு ஒரு தொகை சொல்லுவார். அதுதான் எங்கட அடிப்படைச் சம்பளம். அதுக்குக் கீழ தர ஒருத்தராலயும் ஏலாது. அதுக்கு மேல தர ஒருத்தருக்கும் விசரில்லை.

முந்தி இப்பிடி இல்லை. நான் ஸ்ராஸ்பூர்க்குக்கு வந்த காலத்தில நாட்டுக்கு நாடு ஒரு அடிப்படைச் சம்பளம் இருந்தது. பல்கேரியாவில ஒரு விலை, லக்சம்பேர்க்கில ஒரு விலை. வடக்க டென்மார்க், சுவீடன் பக்கம் சட்டமே கிடையாது, சங்கமும் முதலாளியும் இருந்து பேசி முடிப்பினம். எங்களுக்கு றைன் ஆத்துக்கு இந்தக் கரை பிரான்ஸ், அந்தக் கரை ஜேர்மனி. எந்தக் கரையில கூடத் தருகினமோ அந்தக் கரைக்கு ட்ராமில ஏறிப் போவம். முதலாளிமாரும் சும்மா இருக்கேல்லை. நாங்கள் வேலை செய்யிற ஆசுப்பத்திரித் துணி தோய்க்கிற இடத்தை ஒருக்காத் தூக்கிக்கொண்டு போய் பல்கேரியாவில வைச்சவங்கள். ஊத்தைத் துணி லொறியில ஏறி ஐரோப்பாவைச் சுத்திப் பாத்திட்டு வெள்ளையாத் திரும்பி வரும். எங்களுக்குத்தான் வேலையில்லை.

அதுக்குப் பிறகுதான் ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க ஒரே சட்டம் வந்தது. சம்பளம் நாட்டைப் பாத்து இல்லை, ஆளைப் பாத்து. ஆருக்கு என்ன தேவையோ அதுக்குக் குறையக் குடுக்கக் கூடாது. கேக்க எவ்வளவு வடிவா இருக்கு பாருங்கோ. வாய் பொய் சொல்லும், காசுப்பை பொய் சொல்லும், உடம்பு பொய் சொல்லாது எண்டு அந்த நேரம் எல்லா மேடையிலயும் சொன்னவை. தோய்க்கிற இடமும் திரும்பி வந்தது, ஆத்துக்கு அந்தக் கரையில, கேல் ரவுனுக்கு. முதல் வருசம் எங்களோட வேலை செய்யிற பல்கேரியாக்காரி ரோசிட்சாவுக்குச் சம்பளம் கூடினது. அவள் சீனி வருத்தக்காரி, நீரிழிவுக்கு மருந்து எடுக்கிறவள். அவளின்ர உடம்புக்குக் கூடத் தேவை எண்டு கணக்கப்பிள்ளை சொல்லிப்போட்டார். அண்டைக்கு ரோசிட்சா எல்லாருக்கும் கேக் வாங்கித் தந்தாள், தான் ஒரு துண்டும் தின்னேலாமல்.

பிறகு சனம் சூட்சுமத்தைப் பிடிச்சிட்டுது. அளவுக் காலம் துவங்கினால் கேல் ரவுனில இறைச்சிக் கடைக்கு முன்னால வரிசை நிக்கும். ஆறு மணிக்குப் போத்துக்கொண்டு படுக்கிற சனம். ஒரு மூட்டை தூக்கினால் நாலு தரம் மூச்சு வாங்கி, முதுகைப் பிடிச்சுக்கொண்டு கதிரையில விழுகிற சனம். எங்கட தமிழ்ச் சங்கமும் ஒரு அறிவித்தல் போட்டது, வஞ்சகமில்லாமல் சாப்பிடுங்கோ, வேலைக்குள்ள களைப்பைக் காட்டுங்கோ எண்டு. வருசம் முழுக்க ஊருக்குக் காசு அனுப்பிப்போட்டு பாணும் சம்பலும் தின்னுற எங்கட ஆக்கள் அந்த ஒரு பருவம்தான் மனிசரைப் போல சாப்பிட்டவை. கந்தசட்டி எப்பவும் அதுக்குள்ளதானே வரும், அதால கோயில் ஐயரே ஒரு வழி சொல்லிப்போட்டார். இங்க இருக்கிறவை பகலில பாலும் பழமும், இரவில சோறு, முருகன் கோவிக்க மாட்டார் எண்டு. முருகன் கோவிக்கேல்லைத்தான்.

டிலக்சி மட்டும் ஐயர் சொன்னதைக் கேக்கேல்லை.

டிலக்சனா எண்டது முழுப்பேர். என்னோட ஒரே வீட்டில, மற்ற அறையில இருந்தவள். முப்பத்தெட்டு வயசு, மெலிஞ்ச தேகம், சின்னனில வன்னிச் சண்டைக்குள்ள கஞ்சி குடிச்சுத் தப்பினவள். புருசன் இல்லை. ஒரே ஒரு பிள்ளை, ஆருதி, வவுனியாவில ஒரு விடுதியில நிண்டு படிச்சுக்கொண்டிருந்தது. பிள்ளை கைக்குழந்தையா இருக்கேக்க விட்டிட்டு வந்தவள். அதுக்குப் பிறகு போன் கண்ணாடிக்குள்ளதான் தாயும் மகளும் கதைக்கிறது. பிள்ளையைக் கூப்பிட வேணுமெண்டால் தாயின்ர அடிப்படைச் சம்பளம் ரெண்டு பேருக்குப் போதும் எண்டு கீறி வைச்ச கோட்டைத் தொட வேணும். பிள்ளைக்குப் பதினெட்டு முடிஞ்சால் கதவு சாத்தினது சாத்தினதுதான். போன முறை மயிரிழையில கோட்டைத் தவற விட்டவள். ஆருதிக்குப் பங்குனியில பதினெட்டு. இனி ஒரே ஒரு அளவுக் காலம்தான் மிச்சம்.

அதால நான் அவளைப் பிள்ளைத்தாச்சி பாக்கிற மாதிரிப் பாத்தன். காலமை ரெண்டு முட்டை. மத்தியானம் ஆட்டிறைச்சி. தின்ன மாட்டன் எண்டு அழுவாள், நான் பேசுவன், பிறகு தின்னுவாள். மூட்டை தூக்கேக்க மூச்சு வாங்கடி எண்டு சொல்லிக் குடுத்தன். அதுக்கும் அவளுக்கு வெக்கம். ஏலாத ஆள் மாதிரி நடிக்கத் தெரியாத பிறவி. எண்டாலும் கன்னத்தில கொஞ்சம் தசை வைச்சது. எனக்கு நல்ல நம்பிக்கை.

கந்தசட்டி துவங்கின கிழமை எனக்குக் காலமை வேலை, அவளுக்குப் பின்னேர வேலை. ஆளை ஆள் காண்கிறது குறைவு. நான் சமைச்சு வைச்ச கறி குறைஞ்சுகொண்டுதான் வந்தது. எனக்கு ஒரு சந்தேகமும் வரேல்லை. ஆறாம் நாள், சூரன்போர் அண்டைக்கு, என்ர வேலை முடிஞ்சு வெளிக்கிடேக்க, வேலை இடத்துக் குப்பை வாளியில என்ர ஆட்டிறைச்சிக் கறி கிடந்ததைக் கண்டன். சோத்தோட சேத்து ஒரு பையில கட்டி வடிவா எறிஞ்சிருந்தாள்.

நேர உலர்த்துற மெசின் பக்கம் போனன். அவள் போர்வையளை மடிச்சுக்கொண்டு நிண்டாள். என்ன வேகம் தெரியுமே? பக்கத்தில நிண்ட ரெண்டு பேர் அவளுக்கு ஈடு குடுக்கேலாமல் நிக்கினம். முகம் அப்பதான் குளிச்சிட்டு வந்த மாதிரி இருந்தது. கையைப் பிடிச்சு இழுத்து ஒரு மூலைக்குக் கொண்டுபோய்க் கேட்டன். மறைக்கேல்லை. மிளகும் தண்ணியும்தான் அக்கா எண்டாள். ஒவ்வொரு நாளும் ஒரு மிளகு, ஒரு கை தண்ணி.

எனக்கு வந்த கோவத்துக்கு அவளை அதிலயே அறைஞ்சிருப்பன். விசரி, கண்டறியாத விரதம், இந்த ஒரு பருவத்துக்குத்தானே நான் தலைகீழா நிண்டனான் எண்டு பேசினன்.

அவள் ஆறுதலாச் சொன்னாள்: "அக்கா, ஆருதி கந்தசட்டி பிடிச்சுப் பிறந்த பிள்ளை. நல்லூர் முருகன் தந்தவர். தந்தவரிட்டக் கேக்காமல் ஆரிட்டக் கேக்கிறது? அதோட யோசிச்சுப் பாருங்கோ, ஆறு நாள் பட்டினி கிடந்தால் இந்தக் கணக்கப்பிள்ளைக்கும் என்ர பசி தெரியும்தானே. பசி கூடத் தெரிஞ்சால் தேவை கூட எண்டுதானே எழுதுவார்."

அதில ஒரு நியாயம் இருக்கிற மாதிரியும் கிடந்தது. பின்ன ஏன் ஓடி ஓடி வேலை செய்தனீ, இருந்து இளைச்சிருக்கலாமே எண்டு கேட்டன். விரதகாரி முகம் வாடினால் விரதம் பிழைச்சுப் போகும் எண்டாள். அது எனக்கும் தெரியும். எங்கட வீடுகளில அப்பிடித்தான் பழக்கினவை. விரதம் பிடிக்கிற பொம்பிளை அண்டைக்குத்தான் கூட வேலை செய்வாள், பசிக்குது எண்ட சொல்லு வாயில வரப்படாது. பட்டினி கிடக்கிறதுக்கு எங்களுக்கு ஆரும் சொல்லித்தரத் தேவையில்லை. பட்டினி கிடக்கிறதை வெளியில காட்டத்தான் எங்களுக்குத் தெரியாது.

அளவு வெளிவந்த நாள் அவளோட நானும் சம்பளக் கணக்குப் பாக்கிற கந்தோருக்குப் போனன். அங்க இருந்தவ திருமதி ஹூபர் எண்ட மனிசி. நல்ல மனிசி, அதையும் சொல்லத்தான் வேணும். கோப்பி வேணுமோ எண்டு கேட்டா. பிறகு திரையைத் திருப்பிக் காட்டினா. டிலக்சியின்ர கோடு பருவம் முழுக்க மேல மேல ஏறி வந்து, அந்த ஆறு நாளில கிணத்துக்குள்ள விழுந்த மாதிரி விழுந்து கிடந்தது. போன முறையை விடக் குறைவு. பிள்ளையைக் கூப்பிடுற கோடு எங்கயோ உச்சியில நிண்டது.

நான் விட்டனா? மற்ற எல்லா நாளும் சாப்பிட்டவள்தானே, இந்த ஆறு நாளை மட்டும் ஏன் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள் எண்டு கேட்டன்.

"சட்டம் சராசரியைக் கேட்கவில்லை, அம்மா. மிகக் குறைந்த தேவையைத்தான் கேட்கிறது. மற்ற நாட்களில் இவர் சாப்பிட்டது விருப்பம். இந்த ஆறு நாட்களில் எதுவும் சாப்பிடாமலே முழு வேலையும் செய்திருக்கிறார், வழக்கத்தைவிட அதிகமாகவே. களைப்பு இல்லை. நடுக்கம் இல்லை. இவ்வளவு இருந்தால் போதும் என்று இவருடைய உடம்பேதான் சொல்லியிருக்கிறது."

அது சாமிக்குப் பிடிச்ச விரதம், அதை எப்பிடித் தேவை எண்டு எழுதுவியள் எண்டு சத்தம் போட்டன். ஏன் சாப்பிடேல்லை எண்டு கருவிக்குத் தெரியாதாம். அதைக் கேக்கச் சட்டத்திலயும் இடமில்லையாம். ஒருத்தரின்ர சமயத்தைக் கேட்டுச் சம்பளம் போட்டால் அது பாகுபாடாம். எவ்வளவு நியாயமான ஆக்கள் பாருங்கோ.

டிலக்சி அப்பதான் கேட்டாள், "எனக்குப் பசிச்சதே. அது இதில எங்க இருக்கு?"

திருமதி ஹூபருக்கு உண்மையாவே கவலையாப் போச்சுது. "பசி ஒரு உணர்வு. நாங்கள் அளப்பது தேவையை," எண்டா. பிறகு மெல்லமா, "நீங்கள் களைப்பைக் காட்டியிருந்தால் கூடியிருக்கும்," எண்டும் சொன்னா. மறு அளவு கேக்கலாமாம். அடுத்த அளவுக் காலத்தில.

றைன் பாலத்தால நடந்துதான் வீட்டுக்கு வந்தம். ட்ராமில ஏற அவளுக்கு மனமில்லை. வீட்டை வந்து சப்பாத்தைக்கூடக் கழட்டாமல், ஆருதிக்கு என்னெண்டு சொல்லுவன் எண்டு என்னைக் கேட்டாள். அண்டைக்கு நான் முருகனையும் பேசினன், சட்டம் போட்ட பிரசல்சையும் பேசினன், ரெண்டு பேரும் என்ர கதையைக் கேக்கிற ஆக்கள் மாதிரிப் பேசினன்.

கொஞ்ச நாளால ஒரு மனிசன் வந்தான். தொழில் தருநர் சங்கத்து ஆளாம், முதலாளிமாரின்ர ஆள். கோட்டுப் போட்டு, வாசம் பூசி, தேத்தண்ணி அறையில எங்களோட வந்து இருந்தான். டிலக்சியின்ர அளவு தங்களின்ர கண்ணில பட்டதாம். இப்பிடி ஒரு உடம்பைத்தான் தாங்கள் கனகாலமாத் தேடினதாம். விசயம் இதுதான். துணி தோய்க்கிற வேலைக்கு ஒரு மனிச உடம்புக்கு இவ்வளவு போதும் எண்டு மாதிரிக்கு ஒரு உடம்பை வைச்சு நிரூபிச்சால், ஒன்றியம் முழுக்க அந்த வேலை செய்யிற எல்லாருக்கும் அடிப்படையை அதுக்குக் கிட்டக் குறைச்சுக் கேக்கலாம். சட்டத்தில அதுக்கு இடமிருக்காம். மாதிரி உடம்பு லக்சம்பேர்க் பக்கம் ஒரு வீட்டில, கண்காணிப்பில இருந்து, குறைஞ்ச சாப்பாட்டில, நாளாந்தம் இதே வேலையைச் செய்து காட்ட வேணும். அதுக்குத் தாற சம்பளம் பிள்ளையைக் கூப்பிடுற கோட்டுக்கு மேல.

எவ்வளவு காலத்துக்கு எண்டு நான் கேட்டன். அவன் சிரிச்சுக்கொண்டு சொன்னான், அதை விடக் குறைஞ்ச தேவையுள்ள உடம்பு ஒண்டு கிடைக்கிற வரைக்கும். கிடைச்சால் அடுத்த நாளே இவரை விட்டிடுவம், அந்த இடத்துக்குப் புது ஆள் வருவார் எண்டு.

ரோசிட்சா எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தவள். அவளுக்கு உடன விளங்கிப் போச்சுது. டிலக்சியைப் பாத்துச் சொன்னாள், தன்ர ஊரில தமக்கையும் இதே வேலைதான் செய்யிறா எண்டு. அவ்வளவுதான் சொன்னாள். கெஞ்சவும் இல்லை, ஏசவும் இல்லை.

அண்டைக்கு டிலக்சி என்ர அறை வாசலில வந்து நிண்டாள்.

"அக்கா, என்னைத் திட்டுங்கோ. அடிக்க வேணுமெண்டாலும் அடியுங்கோ. போகாதை எண்டு மட்டும் சொல்லிப்போடாதைங்கோ."

நான் சொல்லேல்லை. எப்பிடிச் சொல்லுறது? எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. இருந்திருந்தால் நானும் அந்தக் கோட்டுக்காரனுக்குப் பின்னால ஓடியிருப்பன். சம்பளம் குறையப் போகுது எண்டு எனக்கு வயித்தெரிச்சல்தான், அதை ஏன் மறைப்பான். ஆனால் அவளின்ர முகத்தைப் பாத்துக்கொண்டு அந்த எரிச்சலை வாயால கொட்ட எனக்குத் தைரியம் வரேல்லை. பெட்டி அடுக்க உதவி செய்தன்.

டிலக்சியின்ர விரத நேர்த்தி பலிச்சுது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். மாசி கடைசியில, பிறந்த நாளுக்கு முன்னம், ஆருதி வந்து இறங்கினாள். உயரமான பிள்ளை, வாய் நிறையச் சிரிப்பு. டிலக்சியை அண்டைக்கு மட்டும் வெளிய வர விட்டவை, ஒரு கண்காணிப்புக்காரியும் கூட வந்தவள். தாயும் மகளும் கட்டிப் பிடிச்சு அழுததை நான் பாக்கேலாமல் மற்றப் பக்கம் திரும்பிட்டன். ஆருதி பையைத் திறந்து பருத்தித்துறை வடை எடுத்து, அம்மா உங்களுக்கெண்டு வாங்கினது எண்டு நீட்டினாள். டிலக்சி ஒண்டைக் கையில வாங்கினாள். மணந்து பாத்தாள். கண்காணிப்புக்காரி பாத்துக்கொண்டுதான் நிண்டாள். டிலக்சி வடையைத் திரும்பவும் பைக்குள்ள வைச்சிட்டு, பிறகு சாப்பிடுறன் குஞ்சு எண்டாள். பின்னேரம் அவளைக் கூட்டிக்கொண்டு போயிட்டினம். அந்த வீட்டில பிள்ளையளுக்கு இடமில்லை. ஆருதி என்னோட இருக்க வந்தாள், தாயின்ர அறையில.

கோடைக்குள்ள முதலாளிமார் கேட்டபடி தீர்ப்பு வந்தது. எங்கட சம்பளம் குறைஞ்சது. கேல் ரவுனில மட்டும் இல்லை, லில்லில, போலந்தில, ரோசிட்சாவின்ர ஊரில, துணி தோய்க்கிற இடமெல்லாம். தொழிற்சங்கம் வழக்குப் போடப் போறம் எண்டது, இன்னும் போட்டுக்கொண்டிருக்குது. ரோசிட்சா மருந்தைப் பாதியாக்கினாள், பிறகு கால் வீங்கி வேலைக்கு வராமல் விட்டிட்டாள். அவள் நிண்ட இடத்தில ஆருதியைப் போட்டினம். படிக்கத்தான் அந்தப் பிள்ளைக்கு ஆசை. ஆனால் பதினெட்டு முடிஞ்ச ஆள் வேலை செய்யாமல் இங்க இருக்கேலாது. புதுசா வாறவைக்கு முதல் அளவு வரும் வரைக்கும் தாயின்ர அளவுதான் சம்பளமாம். டிலக்சியின்ர அளவு. அதில ஒரு பூனையை வளக்கலாம்.

நான் ஆருதிக்குப் படிச்சுப் படிச்சுச் சொன்னன். இந்த இலையுதிர் காலத்தில வாறதுதான் உன்ர சொந்த அளவு. வடிவாச் சாப்பிடு, வேலைக்க களைச்சு விழு, மூச்சு வாங்கு. அவள் தாயைப் போல இல்லை. எல்லாத்துக்கும் சிரிச்சுச் சிரிச்சுத் தலையாட்டுவாள். ரெண்டாம் தரம் சோறு கேட்டு வாங்குவாள். எனக்கு அவள் தின்னுறதைப் பாக்கவே வயிறு நிறையும். என்ர சம்பளத்தில பாதி அவளின்ர கோப்பையிலதான் போனது, போகட்டும்.

ஞாயிறுகளில தாயோட கண்ணாடியில கதைப்பாள். டிலக்சி வரவர ஒடுங்கிக்கொண்டு போனாள். கன்ன எலும்பு வெளிய வந்திட்டுது. சாப்பிட்டியோ, சாப்பிட்டியோ எண்டு அதையேதான் கேப்பாள். ஒரு நாள் கதைச்சு முடிய ஆருதி என்னட்ட வந்து, அம்மாவை எப்ப விடுவினம் அன்ரி எண்டு கேட்டாள். கெதியா விடுவினம் எண்டு சொன்னன். அந்தக் கோட்டுக்காரன் சொன்னதை அவளுக்குச் சொல்லேல்லை. ரோசிட்சாவும் வேலைக்கு வராமல் விட்ட பிறகு, அதை அவனும் டிலக்சியும் நானும்தான் அறிவம். தாயே சொல்ல வேண்டாம் எண்டவள், பிள்ளை கவலைப்படும் எண்டு.

முந்தநாள் சூரன்போர். கோயிலுக்குப் போக நேரமில்லை, வேலை. மத்தியானம் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவம் எண்டு உலர்த்துற மெசின் பக்கம் போனன். ஆருதி போர்வை மடிச்சுக்கொண்டு நிண்டாள். பக்கத்தில நிண்ட பெடிச்சியள் கையை விட்டிட்டு அவளைப் பாத்துக்கொண்டு நிண்டினம். அப்பிடி ஒரு வேகம். முகம் அப்பதான் குளிச்சிட்டு வந்த மாதிரி இருந்தது.

அவளின்ர சாப்பாட்டுப் பையை எடுத்துத் திறந்தன். நான் காலமை கட்டிக் குடுத்த சோறு கட்டினபடியே இருந்தது.

"கோவிக்காதைங்கோ அன்ரி, இண்டையோட முடியுது," எண்டாள். "அம்மா அந்த வீட்டால வெளிய வரோணும் எண்டு நேர்த்தி வைச்சனான். மிளகும் தண்ணியும்தான். அம்மா எனக்காகப் பிடிச்சதெல்லே, முருகன் அம்மாவை விடுவிப்பார். பாருங்கோ, எனக்குக் களைப்பே தெரியேல்லை."

பொய் சொல்லேல்லை. மெசினால அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள், மூச்சு வாங்கேல்லை, கை நடுங்கேல்லை. பத்தொன்பது வயசு நடக்கிற உடம்பு, தாயின்ர உடம்பை விடத் திறமான உடம்பு. சட்டைக் கைக்குக் கீழ கணக்கப்பிள்ளையின்ர சின்னப் பச்சை வெளிச்சம் தெரிஞ்சுகொண்டிருந்தது.

நான் சோத்துப் பையை மூடினன். இப்ப ஊட்டி என்ன, ஆறு நாளும் போயிட்டுது. அதிலயே குந்தியிருந்து ஒப்பாரி வைக்க வேணும் போல கிடந்தது, வைக்கேல்லை. கோட்டுக்காரன் சொன்னபடி டிலக்சியை விட்டிடுவினம். இந்த நேர்த்தியும் பலிக்கும்.